இழவு வீட்டில் நமக்கு என்ன வேலை?

(ஆலத்தியூரில் நடந்த பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் மூடநம்பிக்கை என்பதாகும். நோட்டீசிலும் அப்படியே அச்சிட்டிருக்கின்றார்கள். ஆனால் நாம் இன்று கடவுளைப் பற்றியும் புராணத்தைப் பற்றியும் அதிகம் பேசப் போவதில்லை. சாவு விழுந்த வீட்டைப் பற்றிப் பேசப் போகின்றோம். வயதாகி, பேரன் பேத்தி எடுத்து, தாரை தப்பட்டையுடன் போகிற சாவைச் சொல்லவில்லை. காலையில் போனவன் மாலையில் பிணமாக வருகின்றானே, படிக்கப் போன பெண் இல்லையென்று ஆகிவிடுகின்றதே, அந்தச் சாவைச் சொல்லுகின்றோம்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1956ஆம் வருஷம் நவம்பர் 23ந் தேதி அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. செத்தவர்கள் சுமார் 150 பேர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அது சரித்திரத்தில் இருக்கின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கின்றார்கள். ஆனால் அந்த 150 குடும்பங்களும் மறுநாள் எப்படி அடுப்பு மூட்டின, பிறகு எப்படிப் பிழைத்தன என்பது எந்தச் சரித்திரத்தில் இருக்கின்றது? மந்திரிக்கு இருக்கும் இடம் மாண்டவன் பெண்டாட்டிக்கு இல்லை. 2004இல் ஜூலை 16ந் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டன. அதே வருஷம் டிசம்பர் 26ந் தேதி கடல் வந்து தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோயிற்று; நாகை மாவட்டத்தில் மாத்திரம் 6,000க்கு மேல்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு நம்முடைய மதமும் ஆசாரமும் என்ன கொடுக்கின்றன? "விதி" என்கின்றார்கள். "பூர்வ ஜென்ம பாவம்" என்கின்றார்கள். பத்து வயதுக் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு வயிற்றில் அடித்துக்கொள்ளும் தாயிடம், "நீ முன்பு செய்த பாவம்" என்று சொல்லுவதைவிடக் கொடிய வார்த்தை ஒன்று உண்டா? கள்ளனிடத்தில்கூட இவ்வளவு கல்நெஞ்சு இருக்காது. ஆனால் இதற்கு ஆறுதல் என்று பெயர்!

தற்கொலையாய் இருந்தாலோ கேட்கவே வேண்டாம். துர்மரணம் என்று ஒரு பெயர். ஆவி அலைகின்றது என்று ஒரு கதை. அதை ஓட்டப் பூசாரிக்குப் பணம், உடுக்கைக்காரனுக்குப் பணம், கோழிக்குப் பணம். அந்த வீட்டுப் பெண்ணைக் கொள்ள ஒருவனும் வரமாட்டான். தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டால் தர்காவிலோ கோவிலிலோ கொண்டுபோய்க் கட்டிப்போட்டார்கள். 2001ஆம் வருஷம் ஆகஸ்ட் 6ந் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். சங்கிலியைப் பூட்டினவர்கள் விரோதிகளல்ல, சொந்தப் பந்துக்கள்தான். வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

இதுவரையில் நீங்கள் கை தட்டுவீர்கள். நிற்க. இனிமேல் நம்மைப் பற்றியே சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன், வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ஒரு வாலிபன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். மூன்றாம் மாதத்தில் அந்தத் தாயார், மகன் இராத்திரியில் திண்ணையில் வந்து உட்காருகின்றான் என்று சொல்ல ஆரம்பித்தார். பூசாரிக்கு 15,000 ரூபாய் பேசியிருந்தார்கள். நாமும் இரண்டு தோழர்களும் போனோம். பேய் என்பது கிடையாது, செத்தவன் வரமாட்டான், மூளை செத்தால் எல்லாம் முடிந்தது என்று அரைமணி நேரம் பேசினோம். நன்றாகத்தான் பேசினோம். பணமும் மிச்சமாயிற்று. ஆனால் புறப்படும்போது அந்தத் தாயார், "அப்படின்னா எம்புள்ள இனிமே வரவே மாட்டானாங்கய்யா?" என்று கேட்டார்.

நம்மிடத்தில் பதில் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டோம்.

தோழர்களே! பூசாரி சொன்னது பொய்தான். ஆனாலும் அவன் ஒரு இராத்திரி முழுவதும் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பான்; மகன் பெயரை ஆயிரம் தடவை சொல்லுவான். நாம் அரைமணி நேரம் இருந்தோம். அந்தப் பையன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இந்த வெட்கத்தினால்தான் இதை வேறு எங்கெங்கே, யார் யார், எப்படிச் செய்திருக்கின்றார்கள் என்று தேடிப் படித்தோம்.

லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1935இல், இளம் பாதிரியாராய் இருந்தபோது, பதினான்கு வயதுப் பெண்ணொருத்தியை அடக்கம் செய்யப் போனார். அந்தப் பெண் முதன்முதலாக வீட்டுக்கு விலக்காகியிருக்கின்றாள். அது என்னவென்று சொல்ல ஆளில்லை. ஏதோ கெட்ட வியாதி வந்துவிட்டதென்று பயந்து உயிரை விட்டுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதானம்மா" என்று சொல்ல ஒரு வாய் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்! தீட்டு என்று ஒதுக்கி வைத்து, பேசவே கூடாதென்று மூடிவைக்கின்ற நமக்கு இந்தக் கதை தூரத்துக் கதையா?

அவர் 1953இல் தம் சர்ச்சில் ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு, சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று பத்திரிகைகள் மூலம் தெரியப்படுத்தினார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் காத்திருக்கும்போது டீ கொடுக்கச் சில தொண்டர்களை வைத்திருந்தார். பல ஆட்கள் தொண்டர்களிடம் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலேயே மனம் தேறிப் போய்விட்டார்களாம். அவர் புத்திசாலி. வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். அதற்கு ஸமாரிட்டன்ஸ் என்று பெயர். பெயர் பைபிளில் உள்ளது. ஆனால் வருகிறவர்களிடம் மதப் பிரசாரம் செய்யக்கூடாதென்பது அவர்கள் விதி. பாதிரியார் ஆரம்பித்த சங்கத்திலேயே ஜெபத்துக்கு வேலையில்லாமல் போய், டீயும் காதும் போதுமானதாக இருந்தன. இதைவிட நமக்கு என்ன சாட்சி வேண்டும்?

அந்த வழியில் நம் சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் என்ற மனநல வைத்தியர் ஆரம்பித்ததுதான் ஸ்நேகா என்ற ஸ்தாபனம். பயிற்சி பெற்ற தொண்டர்கள்தான் வேலை செய்கின்றார்கள், சம்பளம் கிடையாது. கூப்பிடுகிறவரின் ஜாதி கேட்பதில்லை, சொன்னதை வெளியில் சொல்லுவதில்லை, காசு வாங்குவதில்லை. முக்கியமாக, உபதேசம் செய்வதில்லை. உபதேசம் செய்யாமல் இருக்கப் பயிற்சி எதற்கு என்று கேட்பீர்கள். நம்மைப் போன்ற மேடைப் பேச்சுக்காரனைக் கேட்டுப் பாருங்கள். அதுதான் மகா கஷ்டமான காரியம்.

பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் ஒரு வருஷம் காத்திராமல் உடனே மறுபடி எழுத வழி வேண்டுமென்று வற்புறுத்தியவர்களில் இவர்களும் உண்டு. அந்த வழி வந்தது. ஒரு வருஷம் வீண் என்ற பயத்தை ஒரு சர்க்கார் உத்தரவு எடுத்துவிட்டது. எந்த ஹயக்ரீவர் பூஜையும் அதைச் செய்யவில்லை.

கடல் வந்த பிறகு இவர்கள் கடலோரக் குப்பங்களுக்குப் போனார்கள். தொண்டர்களைப் பழக்கி, உறவைப் பறிகொடுத்தவர்களிடம் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். அதோடு விடவில்லை. இப்படிப் போய்ப் பேசிய இடத்தில் உள்ளவர்களையும், போகாத இடத்தில் உள்ளவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, போன இடத்தில் மனவேதனை குறைந்திருந்ததைக் கண்டு, 2008இல் எழுதி வெளியிட்டார்கள். இதைத்தான் நாம் பகுத்தறிவு என்கின்றோம். எந்தப் பூசாரியாவது, தான் ஓட்டிய வீட்டையும் ஓட்டாத வீட்டையும் கணக்குப் பார்த்துக் காட்டியிருக்கின்றானா?

இங்கிருந்து கிழக்கே காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் இன்னொரு காரியம் செய்து பார்த்தார்கள். பூச்சி மருந்தை வீட்டு மூலையில் வைக்காமல், ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், அதில் ஆளுக்கு ஒரு பூட்டுப் பெட்டி. அவ்வளவுதான். ஆத்திரமும் துக்கமும் உச்சியில் நிற்பது கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்ளுகின்றான். அந்த ஊர்களில் சாவு குறைந்ததென்று 2013இல் வெளியிட்டிருக்கின்றார்கள். சிறிய சோதனைதான். ஆனால் "தலையெழுத்து" என்பது ஒரு பூட்டுக்கும் சாவிக்கும் அடங்குகின்றதென்றால் அந்த எழுத்தை எழுதினவனுக்கு என்ன மரியாதை?

சட்டம் வேறு இருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவன் குற்றவாளி என்று 1860இல் வெள்ளைக்காரன் எழுதியது. வீட்டார் வைத்தியரிடம் பொய் சொன்னார்கள். போலீசுக்குப் பயந்து ஒளித்தார்கள். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம், அவன் கடுமையான மன உளைச்சலில் செய்தான் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை முதல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை. உத்தியோகஸ்தரை மிரட்டச் செய்வது மாத்திரம் குற்றமாக நிற்கின்றது. ஆனால் ஊர் வாயில் இன்னும் பழைய சட்டம்தான் நடக்கின்றது.

கணக்கைச் சொல்லுகின்றோம். 2022ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் மாத்திரம் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்பது சர்க்கார் கணக்கு. தினம் 54 வீடு.

இங்கே செந்துறைத் தாலுகாவிலேயே, குழுமூரில், 2017 செப்டம்பர் 1ந் தேதி அனிதா என்ற பெண் இறந்தது உலகத்துக்கே தெரியும். 1,200க்கு 1,176 மார்க்கு வாங்கி, டாக்டர் படிப்புக்காகச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போன பெண். அந்த நீட் பரீட்சையின் அக்கிரமத்தை நாம் எத்தனையோ மேடையில் பேசியிருக்கின்றோம், இனியும் பேசுவோம். ஆனால் அந்தப் பெண்ணின் படத்துக்கு மாலை போட்டு, "தியாகம்", "பலிதானம்" என்று நாம் முழங்கும்போது, கீழே பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணை, அதே வயது, அதே மார்க்கு, அதே பயம் உள்ளவளை, நினைத்துப் பார்த்தோமா? சாவைப் புகழ்ந்து பேச நமக்கென்ன யோக்கியதை? வைதீகன் உடன்கட்டை ஏறினவளைத் தெய்வமாக்கினான். நாமும் அந்தப் புத்தியில் ஒரு துண்டை வைத்துக்கொண்டிருக்கின்றோமோ என்று சந்தேகமாயிருக்கின்றது. அவள் உயிரோடிருந்து டாக்டராகி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் நமக்கு வேண்டியிருந்தது.

பணமில்லையே என்று ஒரு தோழர் வரும்போது வண்டியில் கேட்டார். இழவு வீட்டுக்குப் போக என்ன பணம்? எல்லோரும் முதல் நாள் போகின்றார்கள். கருமாதியோடு கூட்டம் கலைந்துவிடுகின்றது. நாம் கருமாதிக்குப் பிறகு போகவேண்டும். மாதம் ஒரு தடவை, முதல் பொங்கலன்று, பிள்ளை பிறந்த நாளன்று. போய் மதம் பேசக்கூடாது, மதமறுப்பும் பேசக்கூடாது. சர்டிபிகேட்டு, பென்ஷன், பிள்ளை பள்ளிக்கூடம் என்று தாலுகா ஆபீசுக்கு அலைய ஆள் வேண்டியிருக்கும், அதைச் செய்யலாம். தூக்கமில்லாமல், சாப்பாடில்லாமல், தானும் போய்விடுவேன் என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எண்ணாமல் கூடவே இருந்து அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். 14416 என்று சர்க்கார் டெலிபோன் ஒன்று 2022 அக்டோபரிலிருந்து இருக்கின்றது, தமிழில் பேசலாம். பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மன்றத் தோழர்களிடம் கொடுங்கள். தாய்மார்கள் அவசியம் கொடுக்க வேண்டும். ஆண்பிள்ளை எதிரில் அழமுடியாத வீடுகள் அநேகம்.

அந்தக் கிராமத்துக்குப் பிறகு போனீர்களா என்று நீங்கள் கேட்கலாம். போனோம். ஒரு வருஷம் கழித்துத்தான் போனோம். இந்தத் தடவை பையன் பெயரைக் கேட்டோம். அந்தத் தாயார் சொல்ல ஆரம்பித்து, அவன் முதன்முதல் ஏர் பிடித்தது, கபடியில் பல் உடைந்தது, தங்கைக்குக் கொலுசு வாங்கி வந்தது என்று பொழுது சாயும்வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். திண்ணையில் அவன் வருகின்றானா என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசி பஸ் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளில் செந்துறை வரையில் கொண்டுவந்து விட்டான்.