தோற்றவருக்கு வாக்களித்த மண்



செல்வத்தையும் வெற்றியையும்விட ஒழுக்கமே பெரிது என்பது குறித்து ஆராய இந்த அருமனை ஊரில் கூடியிருக்கிறோம். பொருத்தமான இடம்தான். இதற்கான சான்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் தேர்தல் வரலாற்றிலேயே இருக்கிறது.

1967 பொதுத்தேர்தலில் காமராசர் விருதுநகரில் தோற்றார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்தவரை, அவர் பிறந்த ஊரிலேயே, மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அத்தோடு காமராசரின் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள். மறு ஆண்டு ஜூன் மாதம், நாகர்கோவில் மக்களவை உறுப்பினராக இருந்த மார்ஷல் நேசமணி மறைந்தார். அந்தத் தொகுதி காலியானது. 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராசர் நின்றார். மாநிலத்தை ஆண்ட கட்சி எதிரணியில் முழு மூச்சாக வேலை செய்தது. அப்படியிருந்தும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் நம் மக்கள் அவரைத் தில்லிக்கு அனுப்பினார்கள். 1971 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் பிளவுபட்டபின் அவர் இருந்த ஸ்தாபன காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது ஒரே ஓர் இடம். அதுவும் நாகர்கோவில்தான்.

சாதிக் கணக்கு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. அந்தக் கணக்கு அறவே இல்லை என்று ஓர் ஆய்வரங்கில் நின்றுகொண்டு நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது மட்டுமே போதுமென்றால், விருதுநகர் அவரைக் கைவிட்டிருக்காதே! 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது முதலமைச்சராக இருந்தவர் என்ற நன்றியும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தனை காலம் ஆட்சியில் இருந்தும் சென்னையில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்த மனிதர் அவர். அந்த வாழ்க்கையை நம் வீட்டுப் பெரியவர்கள் எடைபோட்டுத்தான் வாக்களித்தார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவையும் இங்கே நினைக்க வேண்டும். 1952இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர், தாம்பரத்தில் குடிசையில் குடியிருந்தார். காமராசரே வீடு தர முன்வந்தும், சுற்றியுள்ளவர்களுக்கு இல்லாத வீடு தமக்கு மட்டும் எதற்கு என்று மறுத்ததாகச் சொல்வார்கள். 1963 ஜனவரியில் அவர் மறைந்தபோது, எழுத்தாளர் சுந்தர ராமசாமி மனம் உருகி எழுதினார்.

பெரிய பெயர்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். இந்த அருமனையைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில், விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவரைப் பாருங்கள். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் அன்றைக்குப் பால் கூடும். ஆனால் தடியில் காயம் பட்டுவிடும், அந்த இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது. அந்த இருட்டில் கண்காணிக்க ஆளில்லை. மரம் பாழானது வெளியே தெரியச் சில காலம் ஆகும். அப்படியிருந்தும் பட்டையின் அளவறிந்து கத்தியை நிறுத்துகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்களைப் பற்றி ஒரு கட்டுரைகூட இந்த அரங்குக்கு வரவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இறுதியாக நம்மைப் பற்றி. பதவி உயர்வுப் புள்ளிகளுக்காகக் கட்டுரைகளை விலைக்கு வாங்கும் வழக்கம் கல்வி உலகில் பரவியிருக்கிறது. ஒழுக்கத்தைப் பேச வந்த நாம் இதைப் பேசாமல் எழுந்து போகக் கூடாது. இன்று வாசிக்கப்போகும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: பிறர் திரட்டிய தரவு உங்கள் கட்டுரையில் இருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். கள ஆய்வில் செய்தி தந்த ஊர்க்காரருக்கு, அச்சான கட்டுரையின் ஒரு படியையாவது கொண்டுபோய்க் கொடுங்கள்.

இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.