தறியில் எழுதிய சரித்திரம்
(புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரில் 1893இல் ஒரு கைவினைக் கலை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. வெள்ளிப் பாத்திரம், கதிரை, கண்ணாடிச் சாமான், நெசவு எல்லாம் சேர்த்து வைத்த இடம். "வீட்டுச் சாமானிலே என்ன பார்க்கிறது?" என்று கேட்பீர்கள். ஹன்னா ரிக்கென் (1894–1970) என்ற பெண்மணி நெய்த சித்திரத் துணிகளின் மிகப் பெரிய சேகரிப்பு அங்கேதான் உள்ளது.

அவர் ஒரு கமக்காரி. ஆட்டு மயிரைத் தானே நூற்று, செடிகொடிகளில் சாயம் எடுத்தார். நீலச் சாயத்துக்குச் சிறுநீர்! சிரிக்காதேங்கோ. கணவர் ஹான்ஸ் செய்து கொடுத்த தறியில், மாதிரிப் படம்கூடக் கீறாமல் நெய்தார்.

1942 ஒக்டோபர் 6ஆம் திகதி ஜெர்மன் ஆக்கிரமிப்பாளர் அந்த நகரில் இராணுவச் சட்டம் பிறப்பித்து, பிரமுகர்கள் 10 பேரைச் சுட்டுக் கொன்றனர். நாடக அரங்க இயக்குநர் ஹென்றி கிளெடிட்சும் அதில் ஒருவர். ஆக்கிரமிப்பு முடியுமுன்னரே, 1943இல், ஹன்னா அந்தக் கொலையை நெய்து முடித்தார். அந்தத் திகதியே துணியின் பெயர். 1944இல் அவரது கணவரும் சிறைபிடிக்கப்பட்டார். ஹன்னா தறியை விடவில்லை.

எங்கட வீடுகளிலும் அம்மம்மாவின் சேலை, பாக்குவெட்டி, குத்துவிளக்கு இருக்கலாம். இது ஆருடையது, எந்த ஊர், எப்படிக் கொண்டு வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ; ஒரு கொப்பியில் எழுதியும் வையுங்கோ. சொல்ல ஆளில்லாமல் போனால் அது வெறும் சாமான்தான்.