சம்பளம், தன்மதிப்பு, வேலை பற்றிய அச்சம்



கையில் வேலை இருக்கும்போதே அது போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். ஆனால் வேலையை இழந்துவிட்டவர்களைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்றிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற ஊர். ஊரே நம்பியிருந்த துணி ஆலை 1929-30இல் மூடப்பட்டது. மரீ யஹோடா என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அங்குள்ள குடும்பங்களை ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டனர். மனம் தளராதவர்கள், விதியே என்று அடங்கிவிட்டவர்கள், நம்பிக்கை இழந்தவர்கள், எதிலும் பற்றற்றுப் போனவர்கள் என்று நான்கு வகை. பிறகு வருமானத்தைக் கணக்கிட்டார்கள். தளராதவர்களுக்குப் பெரியவர் ஒருவர் கணக்கில் மாதம் 34 ஷில்லிங்; அடுத்த வகைகளுக்கு 30, 25; கடைசி வகைக்கு 19. எல்லாருமே வேலையற்றவர்கள். நான்கு முதல் ஆறு ஷில்லிங் குறையக் குறைய மனமும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. இந்தக் கணக்கை எத்தனை முறை படித்தாலும் என் நெஞ்சு கனக்கிறது.

இனி, வேலை கையில் இருப்பவர்களின் அச்சத்துக்கு வருவோம். அந்த அச்சத்தில் இரண்டு பகுதி உண்டு என்று 1984இல் கிரீன்ஹால், ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விளக்கினர்: இழப்பு எவ்வளவு பெரியது, அதைத் தடுக்கத் தன்னால் முடியுமா. வருமானம் முதலாவதைத் தொடுகிறது, தன்மதிப்பு இரண்டாவதை. ஆகவே சம்பளம் கூடினால் அச்சம் தானாகக் குறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. கைநிறையச் சம்பளம் வாங்கி, அதில் பெரும்பகுதியை வீட்டுக் கடன் தவணைக்குக் கட்டுகிறவருக்கும் இழப்பு பெரிதுதான்.

தன்மதிப்பைப் பற்றி எச்சரிக்கையோடு பேசுவோம். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். அந்த நாள் நெருங்கும்போது 'பிரேக்' கொடுத்து வெளியே அனுப்பி, சில வாரம் கழித்துப் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தைத் தொழிற்சங்கத்தார் நன்கு அறிவார்கள். பக்கத்து இயந்திரத்தில் அதே வேலையைச் செய்கிறவர் பர்மனென்ட். இவர் ஆண்டுக்கணக்கில் காண்ட்ராக்ட். இவர் தன்னைக் குறைவாக மதிப்பிட்டால், அந்தக் குறை அவர் மனத்தில் பிறந்ததா? ஒரே ஒரு முறை வினாப்பட்டியல் கொடுத்துவிட்டு, தன்மதிப்பு குறைந்ததால்தான் அச்சம் வந்தது என்று எழுதுவது பிழை. அச்சமே தன்மதிப்பை அரித்திருக்கலாம். அந்தப் பிழையான முடிவை வைத்துக்கொண்டு தொழிலாளிக்குத் தன்னம்பிக்கை வகுப்பு நடத்துவது அநீதி. அவருக்கு வேண்டியது பணி நிரந்தர ஆணை.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: மாதச் சம்பளத்தோடு மாதக் கடனையும் கேளுங்கள். அதே தொழிலாளர்களிடம் ஓராண்டு கழித்து மீண்டும் போங்கள். வேலை போன பிறகும் அவர்களைத் தேடிப் போங்கள்.