எண்ணெய் ஆலையும் ஏர்முனையும்



2022ஆம் ஆண்டை மறத்தல் இயலுமோ? டீசலின்றி உழவு இயந்திரங்கள் வயலோரம் நின்றன. மண்ணெண்ணெயின்றி வாவிக்கரையில் படகுகள் கிடந்தன. அதற்கு முன்னரே, 2021 நவம்பரில், மசகு எண்ணெய் வாங்க டொலரின்றிச் சப்புகஸ்கந்தை ஆலை மூடப்பட்டது.

1969இல் தொடங்கிய அவ்வாலை, ஈரானின் இலகு எண்ணெய்க்கென வகுக்கப்பட்டது. வடித்தபின் எஞ்சும் கனத்த எண்ணெயில் பெரும்பகுதி உலை எண்ணெயாகவே கழிகின்றது. அவ்வெச்சத்தை வெப்பத்தாலும் ஊக்கியாலும் உடைத்து, ஐதரசன் செலுத்திக் கந்தகத்தை நீக்கினால், தூய டீசல் கிடைக்கும். அதே பீப்பாயில் டீசல் பெருகினால், வெளியே வாங்கும் டீசல் குறையும்.

2025 சனவரியில், அம்பாந்தோட்டையில் 370 கோடி டொலரில் புதிய ஆலை அமைக்கச் சீன நிறுவனத்துடன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. வழக்கறிஞன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றே: அதன் டீசலில் நம் உழவனுக்கு உரிய பங்கு எழுத்தில் உண்டா? எழுத்தில் இல்லாத உரிமை, பஞ்ச காலத்தில் கைகொடாது.