வீட்டு வேலைச் சகோதரிகளுக்கான நிதி விண்ணப்பம்



ஜூபிலி ஆண்டின் நினைவாக, வீட்டு வேலை செய்யும் சகோதரிகளுக்காக நாம் எழுதவிருக்கும் நிதி விண்ணப்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறோம்.

தையல் இயந்திரம் கேட்டால் எளிதில் கிடைக்கும். ஆனால் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு வேண்டியது வார விடுமுறையும் நியாயமான சம்பளமும் அல்லவா? தமிழக அரசு 2007-ல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் அமைத்தது. அதில் பதியாத சகோதரிகள் நம் பங்கிலேயே உண்டு. வீடு வீடாகச் சென்று பதியவும் பயிற்சிக்கும் பணம் கேட்போம்.

சங்கம் வேறு. தொழிலாளர் சங்கங்களைப் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-லேயே ஆதரித்தார். ஆயினும் வெளிநாட்டு நிதியை மற்றொரு அமைப்புக்கு மாற்றித் தருவதை 2020-ம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தை மீறலாகாது. அதுவும் நல்லதற்கே! சகோதரிகளின் சந்தாவில் நடக்கும் சங்கமே அவர்கள் சொல்லைக் கேட்கும்.

விண்ணப்பத்தில் நம் சொந்தப் பங்களிப்பையும் காட்டவேண்டும். அவர்களுக்கு வேலை கொடுப்போரும் இதே கோயிலில்தான் முழந்தாளிடுகிறோம். 'எங்கள் வீடுகளில் ஞாயிறு விடுமுறை' என்று அங்கே எழுத நாம் தயாரா? வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் கூடி இதை முடிவு செய்வோம்.