போன ஜென்மத்துப் பாக்கி
(வேப்பம்பட்டில் மகளிர் சேமிப்புக் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)



கடனைப்பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் பொருளாதாரம் படித்தவனல்ல; கடன்பட்ட வீட்டில் பிறந்தவன். என் தாயார் ஒரு 500 ரூபாய்க்கு எத்தனை வருஷம் வட்டி கட்டினார் என்பது அவருக்கே தெரியாது. கேட்டால், "போன ஜென்மத்துப் பாக்கியடா" என்பார். கடன் கொடுத்தவருக்கு இதைவிட அனுகூலமான பதில் வேறென்ன வேண்டும்? முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கேட்கவேண்டிய இடத்தில் முன் ஜென்மம் வந்து உட்கார்ந்துகொண்டால் கணக்குப் புத்தகத்துக்கு அங்கே என்ன வேலை?

இதோ பக்கத்திலே திரூர் இருக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904-ஆம் வருஷத்திலேயே அங்கே குடியானவர்களின் கடன் சங்கம் பதிவாயிற்று. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது என்று கூட்டுறவுத் துறையார் சொல்லுகிறார்கள். அந்த யோசனை ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1846-47-ல் ஜெர்மனியில் பஞ்சம் வந்தபோது ரெய்பைசன் என்ற ஊர்த்தலைவர் பணக்காரர்களிடம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். பிறகு, பணக்காரர் மனமிரங்கும்வரை காத்திருப்பது காரியத்துக்கு உதவாதென்று கண்டு, குடியானவர்களே பொறுப்பேற்கும் சங்கமாக மாற்றினார். அந்த முறையை ஆராய்ந்து நிக்கல்சன் என்ற அதிகாரி சென்னை சர்க்காருக்கு 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உலகம் பூராவும் தொழில் நின்றது. மின்சார ரயில் பல மாதம் பொது ஜனங்களுக்கு ஓடவில்லை. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். ரிசர்வ் வங்கி ஆறு மாதத் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. தாய்மார்களே, தள்ளிப்போனது தவணைதான், வட்டியல்ல. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது நான் இரண்டு விதக் குழுக்களைப் பார்த்தேன். ஒன்றில் சொந்தச் சேமிப்பு இருந்தது. 15 பேர் வாரம் 50 ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 39,000 ரூபாய். அதிலிருந்து அரிசிக்கும் மருந்துக்கும் எடுத்தார்கள். கட்டின வட்டியும் அவர்கள் பெட்டிக்கே திரும்பிற்று. மற்றொன்று பெயருக்குத்தான் குழு. கம்பெனிக்காரர் வந்து சிலரை ஒருவருக்கொருவர் ஜாமீனாக்கிக் கடன் கொடுத்துப் போனார். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நின்று சத்தம் போடவேண்டும். சம்பளமில்லாத வசூல் ஆட்கள்! கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே செய்யவேண்டியதாயிற்று.

2020-ல் குழுக்களுக்கு ஜாமீனில்லாத கடன் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்தப்பட்டதாக அறிவித்தார்கள். கணக்கெழுதாத குழுவுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

இன்னொரு சங்கதி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர்த் தெருவுக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழு என்று வைத்திருக்கிறீர்களே, வசூலுக்கு வருகிறவர் காலனிப் பணம் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கிறாரா? பாயை மட்டும் ஏன் இரண்டாக விரிக்கிறீர்கள்? ஆண் தோழர்களே, நீங்களும் சிரிக்க வேண்டாம். மனைவி பெயரில் கடன், உங்கள் கையில் பணம் என்பது எந்த ஊர் நியாயம்?

வருகிற வாரக் கூட்டத்தில் புத்தகத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியாதவர்களுக்குக் காது இருக்கிறது. எட்டாவது படிக்கிற மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டச் சொல்லுங்கள். எனக்கு ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. யாராவது தங்கள் குழுவின் புத்தகத்தை எடுத்துவந்தால் இப்போதே உட்கார்ந்து பார்க்கலாம்.