கூந்தல் அலையும் கடற்காற்றும்

ஆகஸ்ட் 5, தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா. ஒரு பேத்தி விடிகாலையில் எழுந்து, சூடான கர்லிங் கருவியில் நீண்ட கூந்தலைச் சுற்றிச் சுற்றி, அலை அலையாக எடுத்துவிட்டுக் கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கோயில் வாசலுக்குப் போவதற்குள் பாதி அலையைக் காணோம்! கூட வந்த பாட்டி சொன்னாளாம்: "உன் அலை கடலுக்கே திரும்பிப் போயிட்டு, மக்கா!"

பாட்டி சொன்னதில் அறிவியல் இருக்கிறது. முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைச் சூடு தளர்த்துகிறது. ஆறும்போது அவை புதிய வளைவில் மறுபடி இணைகின்றன. ஈரக்காற்று பட்டால் பழையபடி தளர்ந்துவிடுகின்றன. முடிக்கும் ஈரத்துக்கும் உள்ள இந்த உறவை வைத்துத்தான், ஜெனீவா விஞ்ஞானி சொசூர், 1783-இலேயே தலைமுடியைக் கொண்டு இயங்கும் ஈரப்பதமானியைப் பற்றி எழுதினார்!

அதனால், கூந்தலை நன்றாகக் காயவைத்த பிறகே சூடு காட்டுங்கள். சுருட்டியதை முழுக்க ஆறவிட்டு, அப்புறம் விரலால் கோதுங்கள். சூடாக இருக்கும்போதே சீப்பை எடுத்தால் அலை கலைந்துவிடும்.

சூட்டில் வளைவது பெரிதல்ல. ஆறும்வரை பொறுத்தால்தான் அது நிலைக்கும். கூந்தலுக்கு மட்டுமா இது? கோபத்தில் எடுக்கிற முடிவுக்கும்தான்!